முறைப்பாட்டுப் புத்தகத்தில் முடங்கிய நீதி

வன்னிப் பெருநிலப்பரப்பிலே ஒரு பெண் பாலியல் வல்லுறவுக்கு ஆளானாள் என்னும் செய்தி வெளியானால், இரண்டொரு நாள் ஊர் கொதிக்கின்றது. பத்திரிகைகளில் அரைப் பத்திச் செய்தி வருகின்றது. மறுநாள், சந்தேக நபர் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டுள்ளார் என்று மேலும் நாலு வரி வருகின்றது. அதன் பின்னர் அவ்வழக்கு என்னவாயிற்று என்று எழுதுவாருமில்லை, கேட்பாருமில்லை. கேட்டால், வழக்கு நடக்கின்றது என்பார்கள். எங்கே நடக்கின்றது? எவ்வாறு நடக்கின்றது? ஐந்தாண்டு ஏழாண்டு சென்ற பின்னரும் மேல் நீதிமன்றத்தின் வாசற்படியைக் காணாத வழக்கை நடக்கின்றது என்று சொல்வது, நடத்தல் என்னும் சொல்லுக்கே இழைக்கும் அநீதியாகும்.

இரணைமடுவிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தன் வயலுக்கு வந்து சேரவில்லையென்றால் கமக்காரன் என்ன செய்கின்றான்? மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே மேலேறி நடக்கின்றான். எவ்விடத்தில் கரை உடைந்திருக்கின்றது, எவ்விடத்தில் எவன் மறித்துக் கட்டியிருக்கின்றான் என்று பார்க்கின்றான். குளத்தில் நீர் இருக்கின்றது என்ற சமாதானத்தை அவன் ஏற்றுக்கொள்வதில்லை. இந்நாட்டிற் சட்டம் இல்லாமலில்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினாலே தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, வல்லுறவுக் குற்றத்துக்கு ஏழாண்டுக்குக் குறையாமலும் இருபதாண்டுக்கு மேற்படாமலும் கடூழியச் சிறை விதிக்கலாம் என்று எழுதப்பட்டது. கூட்டு வல்லுறவாயின் குறைந்த தண்டனை பத்தாண்டு. பெண்ணின் உடலிற் காயமில்லை என்பதை வைத்து அவள் இணங்கினாள் என்று கொள்ளலாகாது என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கின்றது. குளம் நிறைந்திருக்கின்றது. வயலிலே வெடிப்பு. ஆகவே நாமும் வாய்க்கால் வழியே சற்று நடந்து பார்ப்போம்.

வன்னி மக்கள் மறந்திருக்க முடியாத வழக்கொன்றுண்டு. 2010ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி, போர் முடிந்து ஓராண்டே கழிந்திருந்த வேளையில், முகாம் வாழ்வை விட்டுத் தம் காணிகளுக்கு மக்கள் திரும்பிக்கொண்டிருந்த விசுவமடுவில், இராணுவத்தினரால் ஒரு பெண் கூட்டு வல்லுறவுக்கும் மற்றொரு பெண் பாலியல் துன்புறுத்தலுக்கும் உள்ளாக்கப்பட்டனர் என்று முறைப்பாடு செய்யப்பட்டது. சுற்றுமுற்றும் இராணுவக் காவலரண். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். வீட்டுக்குக் கூரைத் தகடு தருவதும் படையினரே, வீதியில் மறித்து விசாரிப்பதும் படையினரே. அந்நிலையில் அவ்விருவரும் பொலிசாரிடம் சென்றனர். நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பில் நின்று ஆட்களைச் சுட்டிக் காட்டினர். இப்படிப்பட்ட துணிவை மேடையிற் பேசும் ஆண்மக்களிடத்தே நாம் அதிகம் கண்டதில்லை.

குற்றம் சாட்டப்பட்ட இராணுவத்தினர் நால்வருக்கும் 25 ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதித்து யாழ்ப்பாணம் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் தீர்ப்பளித்த நாள் 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆந் திகதி. முறைப்பாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஐந்தாண்டும் நான்கு மாதமும். பின்னர் வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றஞ் சென்றது. 2019ஆம் ஆண்டில் நால்வரும் விடுதலை செய்யப்பட்டனர். மேன்முறையீடு எவர்க்கும் உரிய உரிமை. அத்தீர்ப்பின் நன்மை தீமையை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. நாம் சொல்ல விரும்புவது வேறு. விசாரணை வரை வந்த வழக்கென்று வன்னியில் எல்லாரும் எடுத்துக்காட்டும் வழக்கு இது. எடுத்துக்காட்டாகிய வழக்கே ஒன்பதாண்டு இழுபட்டு இவ்வாறு முடிந்ததென்றால், எடுத்துக்காட்டாகாத வழக்குகளின் கதி என்ன?

முதலாவது உடைப்பு பொலிஸ் நிலையத்திலே இருக்கின்றது. துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யச் செல்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் சிறுவர் மகளிர் பிரிவு என்று ஒரு பலகை உண்டு. பலகைக்குப் பின்னே தமிழ் தெரிந்த பெண் அலுவலர் இருக்கின்றாரா என்பது அந்தத் தாயின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இல்லையென்றால், தமிழில் அழுது சொன்னது சிங்களத்தில் எழுதப்படுகின்றது. எழுதப்பட்டதை வாசித்து அறிய முடியாதவள் அதன் கீழே கையொப்பமிடுகின்றாள். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ், நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலே அச்சிட்டிருக்கின்றார்கள். 1956ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி காலிமுகத்திடலில் அடிபட்டவர்கள் கேட்டதும் இதுதான். மொழியுரிமை என்றால் பெயர்ப்பலகைச் சண்டை என்று எண்ணுவோர், இந்த வாக்குமூலத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏனெனில் அத்தாளின் வேலை அன்றோடு முடிவதில்லை. ஐந்தாண்டு கழித்து அவள் மேல் நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது, எதிரியின் சட்டத்தரணி அதனைக் கையிலே பிடித்துக்கொண்டு, "அன்று பின்வாசலால் வந்தார்கள் என்றீர், இன்று முன்வாசல் என்கிறீர், எது பொய்?" என்று கேட்பார். அன்று அவள் வாசலைப் பற்றி என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் எழுதியவருக்குமே வெளிச்சம். குற்றவியல் வழக்கிலே முரண்பாடு என்பது எதிரிக்குக் கிடைக்கும் பெருங் கொடை. அக்கொடை பொலிஸ் நிலையத்திலேயே, மொழி அறியாமையினாலும் அசிரத்தையினாலும், முற்பணமாகக் கொடுக்கப்பட்டு விடுகின்றது. பின்னர் கோவையைப் படிக்கும் அரச சட்டத்தரணி, "இவ்வழக்கு நிற்காது" என்று முடிவு செய்தால் அதில் வியப்பென்ன?

சில நிலையங்களிலே முறைப்பாட்டை எழுதுவதற்கே மனம் வருவதில்லை. "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பது பொறுப்பதிகாரியின் அறிவுரை. இதனை நாம் தெளிவாகவே எடுத்துரைக்க வேண்டும். வேலிச் சண்டையையும் மாட்டுச் சண்டையையும் பேசித் தீர்க்கலாம். அதற்கு மத்தியஸ்த சபையும் இருக்கின்றது. வல்லுறவு இணக்கத்தால் முடிக்கத்தக்க குற்றமன்று. அதைப் பேசித் தீர்க்கும் அதிகாரம் பொலிசாருக்கும் இல்லை, மத்தியஸ்த சபைக்கும் இல்லை, கோயில் தருமகர்த்தாவுக்கும் இல்லை, பங்குத் தந்தைக்கும் இல்லை. பெண்ணின் தகப்பனுக்குங்கூட இல்லை.

அடுத்து வைத்தியசாலை. வல்லுறவுக்கு ஆளானவரின் உடலிலிருந்து தடயப் பொருள்களைப் பெறுவதற்குப் பொதுவாக 72 மணி நேரமே உண்டு என்பதை மருத்துவர் அறிவர். ஊர் மக்கள் அறியார். குளிக்காமலும் உடை மாற்றாமலும் உடனே வரவேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னவர் எவர்? காலையொரு பேருந்தும் மாலையொரு பேருந்தும் ஓடும் ஊரிலிருந்து ஒருத்தி முறைப்பாட்டுக்கு ஒரு நாள், பொலிசாரின் பத்திரத்துக்கு ஒரு நாள், சட்ட வைத்திய அதிகாரியைக் காண ஒரு நாள் என்று அலைந்தால் அந்த மூன்று நாளும் வழியிலேயே கரைந்து விடும். மாவட்ட வைத்தியசாலையில் நிரந்தரச் சட்ட வைத்திய அதிகாரி இல்லாத காலங்களில் அவள் இன்னும் தொலைவுக்கு, யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ, அனுப்பப்பட வேண்டியவளாகின்றாள். எடுக்கப்பட்ட தடயம் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைக்காகத் தெற்கே செல்கின்றது. அவ்வறிக்கை திரும்பி வரும்வரை நீதவான் மன்றில் வழக்குக்குத் தவணை. அறிக்கை வரவில்லை, மறு தவணை. எதிரி தரப்புச் சட்டத்தரணி சமுகமளிக்கவில்லை, மறு தவணை. நீதவான் மாற்றலாகிச் சென்றார், மறு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் அவளுக்கு ஒரு நாட்கூலி நட்டம். சந்தேக நபரோ பிணையில் வந்து அதே ஒழுங்கையால் சைக்கிளில் போய் வருகின்றார்.

பின்னர் கோவை கொழும்பு புதுக்கடைக்குச் செல்கின்றது. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யும் அதிகாரம் சட்டமா அதிபர் ஒருவருக்கே உரியது. முல்லைத்தீவின் நீதவானும், கிளிநொச்சியின் பொலிஸ் அத்தியட்சரும், வன்னியின் பாராளுமன்ற உறுப்பினர் அத்தனை பேரும் ஒன்று கூடினாலும் ஒரு வழக்கை மேல் நீதிமன்றில் ஏற்றிவிட முடியாது. நாடு முழுவதிலிருந்தும் வந்து குவியும் கோவைகளோடு வன்னிக் கோவையும் அங்கே ஓர் அலுமாரியில் அமர்கின்றது. தமிழில் நிகழ்ந்த துயரம், சிங்களத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் ஆராயப்படுகின்றது. இன்ன காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அவர்க்கில்லை. குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதில்லை என்று முடிவு செய்தால், அதற்குரிய காரணத்தைப் பாதிக்கப்பட்டவளுக்கு அவள் மொழியில் எழுதி அறிவிக்கும் வழக்கமும் இல்லை. பல குடும்பங்களுக்கு வழக்குச் செத்ததே தெரியாது. இன்னும் உயிரோடிருக்கின்றது என்று நம்பிக்கொண்டிருக்கின்றன.

சட்டமா அதிபரின் திணைக்களம் குற்றந் தொடுக்கும் திணைக்களம் மாத்திரமன்று. அரசின் சட்ட ஆலோசகரும் அதுவே. வவுனியா மேல் நீதிமன்றிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தபோது, இராணுவத்தின் பக்கம் நின்று வாதாடியது அத்திணைக்களம். அதே திணைக்களத்திடம், படையினர் மீது குற்றஞ் சுமத்தும் தமிழ்ப் பெண்ணின் கோவையும் போய்ச் சேருகின்றது. அங்குள்ள அலுவலர் தனிப்பட்ட முறையில் நேர்மையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. ஒரே கையில் இரண்டு தராசு இருத்தலாகாது என்பதே நமது வாதம். குற்றந் தொடுக்கும் அதிகாரத்தை அரசின் சட்ட ஆலோசகரிடமிருந்து பிரித்துச் சுதந்திரமான அலுவலகமொன்றிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகின்றது. அதனை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கின்றோம்.

வழக்கு நடைபெறும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கின்றது. விசுவமடுப் பெண்கள் சாட்சி சொல்ல யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது; வீட்டிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். அதனினும் கொடியது 2001ஆம் ஆண்டு மன்னாரில் நிகழ்ந்தது. காவலில் வைக்கப்பட்டிருந்த இரு பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டனர் என்று பொலிசார் மீதும் கடற்படையினர் மீதும் தொடரப்பட்ட வழக்கு, எதிரிகளின் வேண்டுகோளின் பேரில் அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. எதிரிகளுக்கு மன்னாருக்கு வர அச்சம் என்றார்கள். அப்பெண்களுக்கு அனுராதபுரம் செல்ல அச்சமிருக்காதா என்று கேட்கப்பட்ட கேள்விக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

அச்சத்தைப் பற்றிப் பேசுகையில், சாட்சிகளைப் பாதுகாக்கச் சட்டமிருக்கின்றதே என்பர். இருக்கின்றது. 2015ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டம். அதன் இடத்திலே 2023ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டம். ஆனால் அதே 2023ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரீ. சரவணராஜா, உயிரச்சுறுத்தலைக் காரணங் காட்டிப் பதவி துறந்து நாட்டை விட்டே வெளியேறினார். நீதிபதி இருக்க அஞ்சிய மாவட்டத்திலே, கச்சான் காய வைத்து விற்றுப் பிழைக்கும் கைம்பெண்ணொருத்தி எவரை நம்பிக் கூண்டில் ஏறுவாள்?

நாம் இத்துணை நேரமும் அரசின் உடைப்புகளையே சொன்னோம். வாசகர்களிற் பலர் மனம் மகிழ்ந்து தலையசைத்திருப்பர். இனிச் சொல்லப் போவது அவ்வளவு இனிக்காது.

குற்றவாளி சீருடை அணிந்தவன் என்றால் நாம் கொடி பிடிக்கின்றோம், அறிக்கை விடுகின்றோம், கடையடைப்புச் செய்கின்றோம். அது செய்யத்தக்கதே. ஆனால் பொலிசார் ஆண்டுதோறும் பதிவு செய்யும் வல்லுறவு முறைப்பாடுகள் நாடு முழுவதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை பதினாறு வயது நிரம்பாத சிறுமியர் தொடர்பானவை. குற்றஞ் சாட்டப்பட்டவருட் பலர் உறவினர், அயலவர், நம்பி வீட்டிற்குள் விடப்பட்டவர். வன்னி இதற்கு விலக்கன்று. அவன் மாமனாக, சித்தப்பனாக, வாத்தியாராக, கடன் கொடுத்தவனாக இருக்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போகும் என்கின்றோம். மற்றப் பெண்ணுக்குக் கலியாணம் பேச வேண்டும் என்கின்றோம். சில ஊர்களிலே, அவனுக்கே அவளைக் கட்டிவைத்து விட்டுப் பெரியவர்கள் தாம் ஒரு நல்ல காரியம் செய்து முடித்ததாக வெற்றிலை போடுகின்றார்கள். அந்தச் சிறுமி எந்த வீட்டுக்குள் அனுப்பப்பட்டாள் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் கூறிவிடுதல் வேண்டும். கற்பழிப்பு என்று பழைய பத்திரிகைகள் எழுதின. இன்றும் சிலர் எழுதுகின்றனர். குற்றஞ் செய்தவன் ஒருவன். அழிந்தது மற்றொருத்தியின் கற்பு என்றால், வெட்கப்பட வேண்டியவள் அவள் என்று அச்சொல்லே தீர்ப்பெழுதி விடுகின்றது. கொள்ளையடிக்கப்பட்டவனை நாம் ஒழுக்கங் கெட்டவன் என்பதில்லை. இப்பத்திரிகையில் அச்சொல் இனி இடம்பெறாது.

போருக்குப் பிந்திய வன்னியில் கணவனை இழந்தோ, கணவன் எங்கே என்று அறியாமலோ குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பல்லாயிரவர். வீட்டுத்திட்டக் கையொப்பத்துக்கும், காணி உறுதிக்கும், நுண்கடன் தவணைக்கும் அவர்கள் எவரெவர் வாசலிலோ நிற்க வேண்டியிருக்கின்றது. அவ்வாசல்களிலே கேட்கப்படும் கையூட்டுப் பணமாக மாத்திரம் இருப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைக் குற்றமென்று வெளிப்படையாகக் கூறுகின்றது. ஆயினும், தன் கோப்பு எவனுடைய மேசையில் இருக்கின்றதோ அவனுக்கெதிராக முறைப்பாடு செய்யும் பெண், அந்தக் கோப்பையும் சேர்த்தே பணயம் வைக்கின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்பதற்குக் கமக்காரர் அமைப்பிலிருந்தோ மாதர் சங்கத்திலிருந்தோ இருவர் கூட இல்லையென்றால், அவள் வாய் திறக்கவில்லை என்று குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

விரைந்து விசாரிக்க இந்த அரசால் முடியாதா? முடியும். 1996ஆம் ஆண்டு செப்டெம்பரில் செம்மணிக் காவலரணில் மாணவியொருத்தியும் அவளைத் தேடிச் சென்றோரும் கொல்லப்பட்ட வழக்கிலே, இரண்டாண்டுக்குள், 1998ஆம் ஆண்டு யூலையில், கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டு மே மாதம் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது வடமாகாணமே எழுந்தது. சனாதிபதி யாழ்ப்பாணம் வந்து வாக்களித்தார். 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி, யாழ்ப்பாணத்திலேயே கூடிய மூன்று நீதிபதிகள் எழுவருக்கு மரணதண்டனை விதித்தனர். அவ்வழக்கிலும் ஒரு சந்தேக நபர் தப்பிச்செல்ல உதவினார் என்று உயர் பொலிஸ் அதிகாரியொருவரே கைது செய்யப்பட நேர்ந்தது என்பதை மறப்பதற்கில்லை. ஆயினும் வழக்கு முடிந்தது.

இவ்விரு வழக்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாதிக்கப்பட்டவர் உயிருடன் இல்லை. இறந்தவளை மிரட்ட முடியாது. விலை பேச முடியாது. அவளை நாலு முறை கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையால் களைக்கச் செய்ய முடியாது. அவள் முறைப்பாட்டை மீளப் பெறவும் மாட்டாள். ஊருக்கும் இறந்தவளை மகளென்று கொண்டாடுவது எளிது. உயிரோடு வந்து, "எனக்கு இவன் இதைச் செய்தான்" என்று சொல்பவளைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. அவளிடந்தான் அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்று கேட்கின்றோம். செத்தால்தான் வழக்கு நடக்கும் என்னும் நிலைமை ஒரு சமுதாயத்துக்கு மானக்கேடு.

உயிரோடிருந்த பெண்கள் வென்ற வழக்கும் தமிழ் நிலத்திலே உண்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் மலைக்கிராமத்தில், 1992ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி, சந்தனக் கடத்தலைத் தேடுகின்றோம் என்று வனத்துறையினரும் பொலிசாரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். அரசு மறுத்தது. உள்ளூர் அதிகாரிகள் வழக்கையே எழுத மறுத்தனர். மலைவாழ் மக்கள் சங்கம் அவர்களோடு நின்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறை வந்தது. அப்பெண்களோ வயதேறி, பிள்ளை பெற்று, தளராமல் வந்து வந்து சாட்சி சொன்னார்கள். 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி தருமபுரி நீதிமன்றம், குற்றஞ் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரிலே சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பத்தொன்பதாண்டு என்பது நீதியின் வேகமன்று. ஆனால் அப்பதினெண்மருள் ஒருத்தியும் தனித்து விடப்படவில்லை. ஊரே வழக்காளியாக நின்றது. வாச்சாத்தி மக்கள் சட்டத்தரணிகளல்லர். அவர்கள் செய்ததைக் கற்றறிந்தோர் நிறைந்த நம்மிடையே செய்ய முடியவில்லை என்பதற்கு நாம் என்ன விளக்கம் கூறுவது?

கற்றறிந்தோருக்கு இன்னொன்றும் சொல்வோம். 1972ஆம் ஆண்டு மகாராட்டிரத்துப் பொலிஸ் நிலையமொன்றிலே மதுரா என்னும் ஆதிவாசிச் சிறுமி வல்லுறவுக்கு ஆளான வழக்கில், 1978ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் பொலிசாரை விடுதலை செய்தது. மறு ஆண்டு சட்டப் பேராசிரியர் நால்வர் பிரதம நீதியரசருக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினர். அக்கடிதத்திலிருந்து எழுந்த கிளர்ச்சி, 1983ஆம் ஆண்டு சட்டத்தையே திருத்தச் செய்தது. விசுவமடு வழக்கின் விடுதலைத் தீர்ப்பு வெளியாகி ஆண்டுகள் பல சென்றுவிட்டன. அத்தீர்ப்பைச் சரியென்றோ பிழையென்றோ சட்டநோக்கில் ஆராய்ந்து தமிழ் மக்கள் அறியத் தமிழில் எழுதும் கடமை நம் சட்டக் கல்விமான்களுக்கு இருந்தது, இன்னும் இருக்கின்றது.

படையினரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007ஆம் ஆண்டு ஹெயிட்டியிலிருந்து இலங்கை அமைதிப்படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவர் உட்படப் பலரைப் பாலியற் சுரண்டலுக்கு உள்ளாக்கினர் என்ற குற்றச்சாட்டின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். அதற்காக இலங்கை மன்றொன்றிலே சிறை சென்றவர் எவருமிலர். 2013ஆம் ஆண்டு மனித உரிமைகள் கண்காணிப்பகம், காவலில் வைக்கப்பட்ட தமிழர் வல்லுறவுக்கு ஆளான 75 சம்பவங்களைத் தொகுத்து வெளியிட்டது. 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கையும் அதையே சொன்னது. பன்னாட்டு நிலைமையை நாம் இதனினும் விரிக்க வேண்டியதில்லை. ஜெனீவாவுக்குச் செல்லும் நமது பிரதிநிதிகள் அவ்வறிக்கைகளை நன்கறிவர். முல்லைத்தீவு நீதவான் மன்றிலே தவணை வாங்கிக்கொண்டிருக்கும் கோவைகளையும் அவ்வளவு நன்றாக அறிந்திருந்தால் நாம் மகிழ்வோம்.

செய்யத்தக்கவை பல, இவற்றைச் சொல்லி நிறுத்துகின்றோம். வன்னியின் மூன்று மாவட்டங்களிலும் முறைப்பாட்டை அந்தப் பெண்ணின் மொழியிலேயே எழுத வேண்டும். தமிழ்ப் பெண் அலுவலர் இல்லாத நிலையம் மகளிர் பிரிவென்று பலகை தூக்கலாகாது. சட்ட வைத்திய அதிகாரியின் பதவி ஒரு நாளும் வெற்றிடமாக இருத்தலாகாது. கோவை புதுக்கடைக்குச் சென்ற நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் முடிவு, முடிவு இல்லையென்றால் எழுத்திலே காரணம் என்று சட்டம் செய்விக்க நமது பாராளுமன்ற உறுப்பினர் முயல வேண்டும். இவை அரசிடம் கேட்பவை, கிடைக்க நாளாகும்.

நாளாகாத ஒன்றும் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம்: 2010ஆம் ஆண்டு தொடக்கம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலே பதிவான வல்லுறவு முறைப்பாடுகள் எத்தனை, அவற்றுட் சட்டமா அதிபருக்கு அனுப்பப்பட்டவை எத்தனை, குற்றப்பத்திரம் தாக்கலானவை எத்தனை, கைவிடப்பட்டவை எத்தனை, முடிவின்றிக் கிடப்பவை எத்தனை, எந்த ஆண்டிலிருந்து கிடக்கின்றன? ஒருவருடைய பெயரையும் கேட்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டோரின் பெயரை வெளியிடுதல் சட்டத்துக்கும் விரோதம், அறத்துக்கும் விரோதம். எண்ணிக்கை மட்டும் போதும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒவ்வொரு சட்டத்தரணி முன்வந்து, பொலிஸ் தலைமையகத்துக்கு ஒன்றும் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு ஒன்றுமாக விண்ணப்பம் எழுதினால் ஆறு தாள் செலவாகும். வரும் மறுமொழியை, அது எதுவாயினும், இப்பத்தியிலேயே முழுமையாக வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம்.